ஈரலுக்குள் போனது என்ன?



1974ஆம் ஆண்டு அறுவடை நேரத்தில் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் அதை ஒட்டி ராஜஸ்தான் எல்லைக்குள் இருக்கும் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் பருவம் தப்பி மழை பெய்தது. நிலத்தில் நின்ற மக்காச்சோளக் கதிர்கள் நனைந்துபோயின. பழங்குடி மக்கள் வாழும் ஏழ்மையான பகுதி அது. வீட்டில் வேறு தானியம் இல்லை. நனைந்த கதிரை உலர்த்த வழியில்லாமல் குவித்து வைத்து, பூஞ்சணம் பிடித்த மணியையே அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். சில வாரங்களில் ஊர் ஊராகக் கண்கள் மஞ்சளாயின, வயிற்றில் நீர் கோத்தது, ஈரல் வீங்கியது. ஆய்வாளர்கள் கணக்கெடுத்த 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். கூட்டமாகக் காமாலை வந்தால் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவது தண்ணீர் வழியே பரவும் வைரஸைத்தான். ஆனால் அந்த ஊர்களில் மனிதர்களுக்கு முன்பே வீட்டு நாய்கள் அதேபோல வயிறு வீங்கிச் செத்திருந்தன. நம்மைத் தாக்கும் காமாலை வைரஸ்கள் நாயை இப்படிக் கொல்வதில்லை. மனிதனுக்கும் நாய்க்கும் பொதுவாக இருந்தது அந்த வீட்டு ரொட்டி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் தானியத்தைச் சோதித்தபோது, பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை இருந்தது. உணவில் மைக்ரோகிராம் கணக்கில் வரம்பு வைக்கப்படும் நஞ்சு அது.

இந்தச் சொற்பொழிவில் நான் நிறுவ முயல்வதற்கு மொத்த ஆதாரமும் அந்த ஒரு நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. அந்த மக்களின் ஈரல் சொன்னது, தனக்கு அடி விழுந்திருக்கிறது என்பதை மட்டும். அடித்தது யார் என்பதை நாய் சொன்னது, தானியக் குவியல் சொன்னது, பருவம் தப்பிய மழை சொன்னது. ஈரலை உடலின் கண்ணாடி என்று பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் எழுதுகிறோம். கண்ணாடியில் எதிரே நிற்பவரின் முகம் தெரியும். ஈரலில் அது தெரியாது. ஈரல் உண்மையான சாட்சி, ஆனால் மிகக் குறைவாகப் பேசும் சாட்சி. அது சொன்னதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கும் மருந்துக் கடைக்கும் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் போய் விசாரித்தவர்கள்தான் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சோதனைச்சாலைத் தாளோடு நின்றுவிட்டவர்கள் பெரும்பாலும் தவறவிட்டிருக்கிறார்கள்.

இத்தனை அடியும் ஏன் ஈரலின் மேலேயே விழுகிறது என்பதற்கு விடை அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. அதில் நான்கில் மூன்று பங்கு, இதயத்திலிருந்து நேரே வருகிற ரத்தம் அல்ல. குடலைச் சுற்றி வந்து வாயில் சிரை வழியே ஈரலுக்குள் நுழைகிற ரத்தம். நாம் விழுங்கிய சோறு, மாத்திரை, கஷாயம், சாராயம், பூச்சிமருந்தின் எச்சம் எல்லாம் குடலைக் கடந்ததும் முதலில் இந்தச் சுங்கச்சாவடியில்தான் நிற்க வேண்டும். பெரும்பாலான பிற உறுப்புகளில் ரத்தத்துக்கும் திசுவுக்கும் இடையே உறுதியான சுவர் உண்டு. ஈரலின் நுண்குழாய்களில் சல்லடைபோலத் துளைகள் இருப்பதால் ரத்தத்தில் கரைந்து வருவது ஈரல் செல்லை நேரடியாக நனைக்கிறது. செல்லுக்குள் இருக்கும் நொதிகள் கொழுப்பில் கரையும் பொருளைத் தண்ணீரில் கரைவதாக மாற்றிப் பித்தநீரிலோ சிறுநீரிலோ வெளியே அனுப்புகின்றன. இதை நஞ்சு முறிக்கும் வேலை என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். மாற்றுகிற அந்த வேலையிலேயே, சாதுவாக உள்ளே வந்த ஒரு பொருள் கொடியதாக உருமாறுவதும் உண்டு. அஃப்ளடாக்சின் அப்படிப்பட்டது. வந்த வடிவத்தில் அது பெரிய தீங்கு செய்யாது. ஈரலின் நொதி அதைத் தொட்டு மாற்றிய பிறகுதான் மரபணுவோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

அடிபட்ட ஈரல் தரும் பதில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. செல்லுக்குள் கொழுப்புச் சேரும். செல் செத்து அதன் நொதிகள் ரத்தத்தில் சிந்தும். பித்தநீர் தேங்கிக் கண் மஞ்சளாகும். அடி தொடர்ந்தால் நார்த்திசு வளர்ந்து ஈரல் சுருங்கி இறுகும். அதைத்தான் சிரோசிஸ் என்கிறோம். கடைசியில் புற்று. மது, வைரஸ், சர்க்கரை நோயும் உடல் பருமனும், காசநோய் மாத்திரை, ஆர்செனிக் கலந்த நிலத்தடி நீர் ஆகிய எல்லாமே இந்த நாலைந்து சொற்களுக்குள்தான் பேசியாக வேண்டும். 1950களின் நடுவில் ஆர்தர் கார்மன் என்ற அமெரிக்க மருத்துவர் ரத்தத்தில் டிரான்ஸ்அமினேஸ் நொதிகளை அளக்க வழி செய்தார். நம் ஊர் லேப் தாளில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று அச்சாகி வருபவை அவைதான். அந்த எண் 40லிருந்து 400 ஆகியிருந்தால் செல்கள் சாகின்றன என்று தெரிந்துகொள்ளலாம். ஏன் சாகின்றன என்று அந்த எண் சொல்லாது. இன்னொரு சங்கடம், முற்றிய சிரோசிஸில்கூட இந்த எண் கிட்டத்தட்ட இயல்பாக இருக்கக்கூடும், ஏனென்றால் சிந்துவதற்கு அங்கே செல் அதிகம் மிஞ்சியிருக்காது. மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மறுபடி வளர்ந்து வேலை செய்யும் உறுப்பு இது. அந்தத் தாங்குதிறனால்தான் அதன் முறையீடு நம் காதுக்குத் தாமதமாக வந்து சேர்கிறது.

சாட்சியை விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்த கதைகளில் நம் நாட்டுக் கதை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் மறந்துபோய்விட்டது. ஆறு மாதத்திலிருந்து நாலைந்து வயதுவரை உள்ள குழந்தைகள் எரிச்சலும் மெல்லிய காய்ச்சலுமாக இருப்பார்கள், வயிறு உப்பும், தொட்டால் ஈரல் கல்லைப்போல, ஓரம் கூர்மையாகத் தட்டுப்படும். காமாலை வந்துவிட்டால் சில மாதங்களில் குழந்தை இறந்துவிடும். இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ் என்று இதற்குப் பெயர். 1880களிலேயே கல்கத்தா மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். தமிழ்நாட்டில் இது எவ்வளவு பரவலான அச்சமாக இருந்தது என்பதற்கு, குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்றே தயாரித்த மருந்துகள் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களாக விளங்கியதே சான்று. நோயில் ஒரு புதிர் இருந்தது. பரம ஏழைகளின் குழந்தைகளைவிட ஓரளவு வசதியுள்ள குடும்பங்களின் குழந்தைகளுக்கே அதிகம் வந்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு வந்து, பிறகு தம்பிக்கும் வந்தது. ஆகவே பரம்பரை நோய் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். சாபம் என்று நம்பிய குடும்பங்களும் உண்டு.

1970களின் கடைசியில் இறந்த குழந்தைகளின் ஈரல் திசுவை ஆர்சின் என்ற சாயத்தால் நனைத்துப் பார்த்தபோது பழுப்புத் துகள்கள் தெரிந்தன: அத்தனையும் தாமிரம் ஏறிய புரதம். உலர்ந்த ஈரலில் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய தாமிரம் இந்தக் குழந்தைகளுக்கு 800ஐத் தாண்டி இருந்தது. இந்த முறை ஈரல் வழக்கத்தைவிட ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருந்தது. ஆனாலும் தாமிரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஈரலில் விடை இல்லை. புணே நகரின் குழந்தை மருத்துவர்களான ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டேனரும் வீட்டுக்குள் போனார்கள். நோய் வந்த குழந்தை, அதே வயதில் நோய் வராத குழந்தை என்று இணை சேர்த்து, என்ன பால் கொடுத்தீர்கள், எந்த மாதத்திலிருந்து கொடுத்தீர்கள், எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள், எதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்கள். நோய் வந்த வீடுகளில் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலோ எருமைப்பாலோ சீக்கிரமே தொடங்கப்பட்டிருந்தது. அந்தப் பாலைப் பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சி வைத்திருந்தார்கள். பாலில் உள்ள கேசீன் புரதம் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். பித்தளையில் நெடுநேரம் இருந்த பால், குழந்தையின் ஈரலுக்குத் தாமிரத்தைச் சுமந்து போகிற வண்டியாக மாறிவிடுகிறது. பிறந்த குழந்தையின் ஈரலில் இயல்பிலேயே தாமிரம் மிகுதி. அதைப் பித்தநீரில் வெளியேற்றும் திறனும் அந்த வயதில் முதிர்ந்திருக்காது.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் ஈயம் பூசும் வழக்கம் இருந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அது வெள்ளீயம், காரீயம் அல்ல. தெருவில் வந்து உட்கார்ந்து துருத்தி ஊதி, நவச்சாரம் போட்டுத் துடைத்து, பாத்திரத்தின் உள்புறத்தை வெள்ளி மாதிரி ஆக்கித் தருகிறவர் அந்தக் குடும்பத்தின் குழந்தைக்கும் தாமிரத்துக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பிவிட்டுப் போனார். புளி சேர்ந்தால் பித்தளை களிம்பு ஏறும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். பால் களிம்பைக் காட்டாமல் தாமிரத்தை வாங்கிக்கொள்ளும் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரே பாத்திரத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பால் காய்ந்ததைத்தான் பரம்பரை என்று வாசித்திருக்கிறோம். பித்தளைப் பாத்திரம் வாங்கவும் மாட்டுப்பால் கொடுக்கவும் கையில் காசு வேண்டும் என்பதால் நோய் வசதியுள்ள வீட்டைத் தேடிப் போனது. புணேயில் அறிவுரை சொல்லிப் பாத்திரத்தை மாற்ற வைத்தார்கள். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்த குழந்தைகளுக்குப் பெனிசில்லமின் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார்கள். எவர்சில்வர் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு நூற்றாண்டு குழந்தைகளைக் கொன்ற நோய் 1990களுக்குள் அரிதாகிப்போயிற்று.

இதற்கு உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. பித்தளையில் பால் குடித்த எல்லாக் குழந்தைக்கும் நோய் வரவில்லையே, அப்படியானால் பாத்திரத்தைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? நேர்மையான மறுப்பு இது. ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியில் 1900க்கும் 1974க்கும் இடையே 138 கைக்குழந்தைகள் இதே நோயில் இறந்த விவரம் 1996இல் வெளியானது. அங்கேயும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே குடும்ப வரிசையைப் பார்த்தபோது பரம்பரையின் சாயலும் தெளிவாக இருந்தது. ஆகவே சில குழந்தைகள் தாமிரத்தை வெளியேற்றுவதில் பிறவியிலேயே பின்தங்கியிருக்கலாம் என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஏற்றுக்கொண்டாலும் முடிவு மாறவில்லை. திரோலில் பாத்திரம் மாறியதும் நோய் நின்றது. அந்தக் குடும்பங்களின் மரபணு மாறவில்லை. காரணம் இரண்டாக இருக்கும்போது நம்மால் மாற்ற முடிந்த காரணத்தை மாற்றுவதே அறிவு. மாற்ற முடியாததைக் காட்டி மாற்ற முடிந்ததை விட்டுவைப்பதற்கு அறிவியலில் இடமில்லை.

காரணம் இரண்டாக இருப்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று ஷாங்காயில் கிடைத்தது. 1986இலிருந்து அங்கே பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் சிறுநீரும் ரத்தமும் வாங்கி உறையவைத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிறகு ஈரல் புற்று வந்தவர்களின் பழைய சிறுநீரை எடுத்து அஃப்ளடாக்சின் தடயம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அஃப்ளடாக்சின் தடயம், ஹெபடைடிஸ் பி வைரஸ் இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், அஃப்ளடாக்சின் தடயம் மட்டும் இருந்தவருக்குப் புற்று வரும் வாய்ப்பு 3 மடங்குக்குச் சற்று மேல். ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவருக்கு 7 மடங்கு. இரண்டும் இருந்தவருக்கு ஏறத்தாழ 60 மடங்கு. ஒன்றோடு ஒன்று கூடியிருந்தால் பத்துப் பதினொன்றில் நின்றிருக்க வேண்டிய கணக்கு இது. குற்றவாளி வைரஸா, தானியத்தின் பூஞ்சணமா என்று கேட்டால் இருவருமே என்பது பதில். இருவரில் ஒருவரை விலக்கினாலும் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. குழந்தைகளின் ஈரல் புற்று அங்கே குறைந்தது. ஷாங்காய்க்கு அருகிலுள்ள சிடோங்கில் மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். தடுப்பூசித் தலைமுறை வளர்ந்து வருவதற்கு முன்பே அங்கு ஈரல் புற்று இறங்கத் தொடங்கியது.

இந்த அஃப்ளடாக்சின் விஷயத்தில் மட்டும் ஈரல் தன் வழக்கமான மௌனத்தை உடைத்துக் கிட்டத்தட்டப் பெயரையே சொல்லிவிட்டது. சிடோங் பகுதியிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் எடுத்த ஈரல் புற்றுகளில் பி53 என்ற மரபணுவைப் படித்தவர்கள் 1991இல் ஒரு செய்தியைக் கண்டார்கள். அந்த மரபணுவின் 249ஆவது மும்மை எழுத்தில், கடைசி எழுத்தான ஜி மாறி டி ஆகியிருந்தது. பல நோயாளிகளுக்கும் அதே இடம், அதே எழுத்துப்பிழை. அஃப்ளடாக்சின் ஒட்டிக்கொண்டு விட்டுப்போகும் தழும்பு அது. அஃப்ளடாக்சின் குறைந்த நாடுகளில் வரும் ஈரல் புற்றுகளில் அந்தத் தழும்பு அரிதாகவே தென்படுகிறது. இப்படிக் கையெழுத்து விட்டுச் செல்லும் நஞ்சுகள் சிலவே. 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு பிவிசி ஆலையின் தொழிலாளர்களுக்கு வந்த ஆஞ்சியோசார்கோமா அப்படிப்பட்ட இன்னொன்று. ஈரலின் ரத்தக்குழாயில் தோன்றும் இந்தப் புற்று மிக அரிது. பெரும்பாலான மருத்துவர்கள் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே ஆலையில் சிலருக்கு அது வந்ததை ஆலை மருத்துவர் ஜான் கிரீச் கவனித்துச் சொன்னார். வினைல் குளோரைடு ஆவி பத்து லட்சத்தில் 500 பங்குவரை இருக்கலாம் என்றிருந்த வரம்பு ஒரு பங்குக்கு இறக்கப்பட்டது. நோயாளியிடம் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், இவை பெயர் தெரியாத சில மரணங்களாகவே பதிவேட்டில் இருந்திருக்கும்.

மருந்துக்கு வருகிறேன். மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைப் பற்றி இந்தியா முழுவதிலுமிருந்து 1,288 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2021இல் வெளியிட்டார்கள். அவர்களில் 46 விழுக்காட்டினருக்குக் காரணம் காசநோய் மருந்துகள். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் ஈரலைத் தொடக்கூடியவை; மூன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் மக்கள் பயந்து காசநோய் மாத்திரையை நிறுத்திவிடமாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்பவரின் கவலையும் எனக்குப் புரிகிறது. காசநோய் மருந்தை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. பெரும்பாலானவர்கள் அந்த மருந்தை முழுக் காலமும் சாப்பிட்டு நலமாகிறார்கள். ஐசோனியசிட் சாப்பிடுகிற நூறு பேரில் பத்து முதல் இருபது பேருக்கு நொதி அளவு கொஞ்சம் ஏறி, மாத்திரையைத் தொடரும்போதே தானாக இறங்கிவிடுகிறது, ஈரல் பழகிக்கொள்கிறது. ஆகவே எண் ஏறியதும் மருந்தை வீசுவதும் தவறு. ஹைமன் சிம்மர்மன் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்: ஒரு மருந்தால் செல் செத்து நொதி ஏறி, கூடவே காமாலையும் வந்தால், அப்படிப்பட்டவர்களில் பத்தில் ஒருவராவது இறக்கக்கூடும். வாந்தி, பசியின்மை, அடர்மஞ்சள் சிறுநீர் ஆகியவை தெரிந்த அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்று மாத்திரை கொடுக்கும்போதே சொல்வது பயமுறுத்தல் ஆகாது. அதைச் சொல்லாமல் விடுவதால்தான் நோயாளி இரண்டு வாரம் தாமதமாக வருகிறார்.

பாரசிட்டமாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பெரும்பகுதியை ஈரல் சிரமமில்லாமல் வெளியேற்றுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப் பொருளாக மாறும். குளுட்டதயோன் என்ற பொருள் அதைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டதயோன் தீர்ந்துபோகும். நஞ்சு செல்லைக் கொல்லும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் உச்சவரம்பு; மெலிந்தவருக்கும் குடிப்பழக்கம் உள்ளவருக்கும் பட்டினி கிடப்பவருக்கும் அதைவிடக் குறைவு. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடல்வலிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் வாங்கும் மாத்திரைகளின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பல நேரம் மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கும். சாப்பிடுகிறவர் மூன்று மருந்து சாப்பிடுவதாக நினைப்பார். ஈரலுக்கு வந்து சேர்வது ஒரே மருந்தின் மும்மடங்கு.

மருந்தை விலங்குகளில் சோதித்துத்தானே விற்பனைக்கு விடுகிறார்கள், பிறகு நோயாளியின் ஈரலை எதற்கு விசாரிக்க வேண்டும் என்பாரும் உண்டு. 1993இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபியலுரிடின் என்ற மருந்தை ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்குக் கொடுத்தார்கள். எலி, நாய், குரங்கு எல்லாம் அதைத் தாங்கியிருந்தன. சில வாரங்கள் கடந்து ஏழு பேருக்கு ஈரல் கடுமையாகப் பழுதுபட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். மாற்று ஈரல் பொருத்தப்பட்டதால் இருவர் பிழைத்தார்கள். மனிதச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அந்த மருந்தை நுழையவிடும் வாயில் எலியில் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதற்கு முந்தைய சோதனைகளில் நொதி ஏறியபோது, வைரஸ் அழிவதன் அறிகுறி என்று அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரல் சாட்சி சொல்லத்தான் செய்தது. நோயும் மருந்தும் ஒரே சொல்லில் பேசியதால், கேட்டவர்கள் தாங்கள் எதிர்பார்த்த பொருளை அதற்குக் கொடுத்தார்கள்.

இயற்கையானது ஈரலைக் கெடுக்காது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமானது. மேலே சொன்ன இந்தியக் கணக்கில் 14 விழுக்காட்டினர் மாற்று மருந்துகளால் பாதிக்கப்பட்டவர்கள். நாட்டு மருந்தை இழிவாகப் பேசுவது என் நோக்கமல்ல. கீழாநெல்லியை முறையான சோதனைக்கு உட்படுத்தியது சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளம்பெர்க் ஆகியோரின் ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்புறப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இரண்டு முடிவுகளும் அறிவியலுக்குத் தேவை, நம் மூலிகையை நாமே தராசில் வைத்ததும் பெருமைக்குரியது. அதே தராசில் சீந்திலையும் வைக்க வேண்டும். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கஷாயம் குடித்த 43 பேருக்கு வந்த ஈரல் அழற்சியைப் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2022இல் பதிவுசெய்தன. உடல் தன் ஈரலையே தாக்கும் வகையைச் சேர்ந்த அழற்சி அது. வேறு கொடியைத் தவறுதலாகப் பறித்திருக்கலாம் என்ற ஆயுஷ் தரப்பின் மறுப்பு பரிசீலிக்க வேண்டிய ஒன்று. அது உண்மையென்றாலும், எந்தக் கொடி, எந்த அளவு, எத்தனை நாள் என்று நோயாளியிடம் கேட்டுக் குறித்திருந்தால்தானே அதைத் தீர்மானிக்க முடியும்? மாத்திரையைச் சொல்லும் நோயாளி கஷாயத்தைச் சொல்வதில்லை, ஏனென்றால் அதை அவர் மருந்தாகவே எண்ணுவதில்லை.

சுற்றுப்புறத்தின் கதையை மனித ஈரலைவிடத் தெளிவாகச் சொல்லும் ஈரல்கள் வேறு உயிர்களுக்கு இருக்கின்றன. ஓஹையோ மாநிலத்தின் பிளாக் ஆற்றங்கரையில் ஓர் உருக்காலையின் கரி சூளை கழிவை ஆற்றில் விட்டது. ஆற்றடிச் சேற்றில் வாழும் கெளிறு வகை மீன்களின் ஈரலில் புற்றுக்கட்டிகள் தோன்றின. 1983இல் சூளை மூடப்பட்டது. 1987க்குள் சேற்றின் மேற்படிவில் இருந்த நச்சு ஹைட்ரோகார்பன்கள் நூற்றில் ஒரு பங்காகக் குறைந்தன. மீன்களின் ஈரல் புற்று நான்கில் ஒரு பங்காக இறங்கியது. மீனுக்கு மதுவும் இல்லை, மாத்திரையும் இல்லை, ஹெபடைடிஸ் பியும் இல்லை. அதனால்தான் அதன் சாட்சியத்தில் குழப்பம் குறைவு. நம் நாட்டிலும் ஈரலை இப்படி ஆவணமாகப் பயன்படுத்தியிருக்கிறோம். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியால் பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகி அவை கூட்டமாக அழிந்தன என்று தெரிந்தபின், பல மாநிலங்களில் செத்த மாடுகளின் ஈரல் துண்டுகளை ஆயிரக்கணக்கில் சேகரித்துச் சோதித்தார்கள். பத்தில் ஒன்றில் மருந்து இருந்தது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தபின் அந்த விகிதம் இறங்கியதையும் மாட்டு ஈரலே காட்டியது. நம் நீலகிரி அடிவாரத்தின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்று கூடு கட்டும் கழுகுகளின் பிழைப்புக்கு அந்தச் சோதனைகளும் ஒரு காரணம்.

எண்ணிக் கணக்கு வைத்தால் அரசு அசையும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையால் இளம்வயதினர் ஈரல் செயலிழந்து இறப்பதைத் தனித்தனி மருத்துவமனைகள் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தன. நம் மாநிலத்தின் ஈரல் மருத்துவர்கள் ஒன்றுகூடி மாநிலம் முழுவதும் கணக்கெடுத்து முன்வைத்தபிறகு அந்தப் பசை தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. தனித்தனியாக இருந்தபோது அவை சோகங்கள். சேர்த்து எண்ணியபோது கொள்கைக்கான ஆதாரம் ஆயின.

நொதிகளை அளக்கும் கருவி இன்று தாலுகா ஊர்களிலும் இருக்கிறது. கேள்வி கேட்டுக் குறித்துவைக்கும் தாள்தான் இல்லை. காமாலையோடு வரும் ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டிலும் கடந்த ஆறு மாதத்தில் உட்கொண்ட மாத்திரை, கஷாயம், லேகியம், ஜிம்மில் தரும் பொடி, குடிக்கும் தண்ணீரின் மூலம், செய்யும் வேலை ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள் என்று இந்த அவையில் இருக்கும் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தாலே போதும், மருந்துப் பாதுகாப்புத் திட்டத்துக்கு எழுதி அனுப்புங்கள். நிரூபித்தபிறகு அனுப்பலாம் என்று காத்திருக்க வேண்டாம். மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், மருத்துவரிடம் கிளம்பும் முன் அலமாரியைத் திறந்து, அவர் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கஷாயப் பொட்டலத்தையும் வெறும் புட்டிகளையும் ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேசைமேல் எடுத்து வையுங்கள்.